மூன்று ஏ எடுத்த பிள்ளை முதல் செமஸ்டரில் ஏன் தடுமாறுகிறது?

(பல்கலைக்கழகக் கற்றல் ஆலோசகர் ஒருவர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: ஏ.எல் என்ற உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏ. இப்போது கம்பஸில் நோட்ஸை ஐந்து தரம் வாசித்துவிட்டுப் போனாலும் பரீட்சை மண்டபத்தில் ஒன்றும் வருகுதில்லை. எனக்குத் தலை வேலை செய்யவில்லையா அக்கா? (விஞ்ஞான பீடம், முதலாம் வருடம்)

பதில்: தலையில் ஒரு பிழையும் இல்லை தங்கச்சி. ரியூசனில் ஆசிரியர் பழைய வினாத்தாளைப் பிரித்து, கேட்டு, திரும்பத் திரும்பச் செய்வித்தார். யாழ்ப்பாணத் திருநெல்வேலியிலுள்ள கம்பஸுக்கு வந்ததும் அந்தப் பயிற்சி நின்றுபோய் வாசிப்பு மட்டும் மிஞ்சிவிட்டது. வாசிக்க வாசிக்கப் பக்கம் கண்ணுக்குப் பழகிவிடும், பழகினதைத் தெரியும் என்று மனம் நம்பிவிடும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள்: ஐந்து நிமிடத்தில் கேட்டபோது திரும்ப வாசித்தவர்கள் முன்னுக்கு நின்றார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதோ, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். உங்கள் பரீட்சை ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே.

ஆகவே விரிவுரை நடந்த அன்றிரவே கொப்பியை மூடி வைத்துவிட்டு, வெறும் தாளில் ஞாபகம் வருவதை எழுதுங்கள், பிறகு கொப்பியைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்புப் பேனையால் நிரப்புங்கள். இரண்டு நாள் கழித்து ஒருதரம், அடுத்த வாரம் ஒருதரம். முதல் நாள் தாள் முழுக்கச் சிவப்பாக இருக்கும், பயப்பட வேண்டாம். குப்பிக்கு, அதாவது மாணவர்கள் மாணவர்களுக்குப் படிப்பிக்கும் வகுப்புக்குப் போனாலும் சும்மா கேட்டுக்கொண்டு இராமல் ஒரு பகுதியை நீங்களே எடுத்துச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி: ஆங்கில விரிவுரை விளங்கத் தமிழில் யோசிக்கிறேன். இது கூடாத பழக்கமா? (பொறியியல் பீடம், கிளிநொச்சி)

பதில்: இல்லவே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசனரி வைத்தியர் கிறீன் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார், அதற்காகப் புத்தகங்களையும் தமிழாக்கினார். விளங்கிக்கொள்வது தமிழில் நடக்கட்டும், கலைச்சொல் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஆனால் விடை எழுதும் பயிற்சியைக் கட்டாயம் ஆங்கிலத்தில் செய்ய வேண்டும், ஏனென்றால் அங்கே கை தடுமாறினால் விளங்கினதும் வெளியில் வராது. நாளுக்கு ஐந்து வசனம் போதும்.

கேள்வி: எழுதினது வேறு மூலங்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் டர்னிட்டின் மென்பொருளில் என் ஒப்படைக்கு 28% வந்துவிட்டது. நான் களவெடுத்தேன் என்று அர்த்தமா?

பதில்: அந்த எண் ஒத்துப்போகிற சொற்களைத்தான் எண்ணுகிறது. மேற்கோளும் உசாத்துணைப் பட்டியலும்கூட அதில் சேரலாம். அறிக்கையைத் திறந்து நிறம் விழுந்த இடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு பந்தி முழுக்க ஒரே நிறம் என்றால் மூலத்தை மூடிவிட்டு, விளங்கினதை உங்கள் வசனத்தில் எழுதி, யாருடைய கருத்து என்பதையும் குறிப்பிடுங்கள். சொல்லுக்குச் சொல் மாற்றிப் போடுவது எழுத்தாகாது.

கேள்வி: நான் தற்காலிகப் போதனாசிரியர். உங்களைப் போலக் கற்றல் ஆலோசகர் வேலைக்கு வர விருப்பம். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

பதில்: ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் இது தனிப் பதவி. எங்கே செய்தாலும் அடிப்படை ஒன்றுதான்: பிள்ளையின் ஒப்படையை நாம் திருத்திக் கொடுப்பதில்லை. தொடக்கத்தில் எனக்கு இது சரியான கஷ்டமாக இருந்தது, கண்முன்னே பிழையான வசனம் கிடக்கும்போது கை பேனைக்குப் போகும். இப்போது, “இந்தப் பந்தியில் என்ன சொல்ல வந்தீர்கள், வாயால் சொல்லுங்கோ” என்று கேட்கிறேன். அநேகமாக அவர்கள் வாயால் சொல்வதே எழுதினதைவிட நல்ல வசனமாக இருக்கும், அதை அப்படியே எழுதச் சொல்வேன். அப்புறம், நித்திரை இல்லை, சாப்பாடு இறங்குதில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் நேர அட்டவணை போடத் தொடங்காதீர்கள். அன்றைக்கே உளவளத்துணையாளரிடம் நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.