அபராதம் கட்டினால் முடிந்துவிடுமா?

கேள்வி: நான் சிங்கப்பூரில், யீஷூனில் இருக்கிறேன். என் தம்பி ஒரு கம்பெனிக்கு டெலிவரி வேன் ஓட்டுகிறான். போன மாதம் தேக்காவில் ஒரு விருந்தில் பியர் குடித்துவிட்டுத் தன் காரில் வந்தபோது போலிஸ் சோதனையில் மாட்டிக்கொண்டான். நிலையத்தில் எடுத்த மூச்சுப் பரிசோதனையில் 48 என்று வந்ததாம். யார்மீதும் மோதவில்லை. இதற்கு முன் அவன்மேல் ஒரு வழக்கும் இல்லை. "அபராதம் கட்டினா முடிஞ்சிரும்" என்கிறான். முதலாளிக்கும் அம்மாவுக்கும் இன்னும் சொல்லவில்லை. உண்மையில் என்ன ஆகும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் தம்பி அபராதத்தை நினைத்துத் தேறிக்கொள்கிறார். ஆனால் அவருக்குப் பெரிய அடி லைசன்ஸில்தான் விழப்போகிறது.

சட்ட வரம்பு, 100 மில்லிலிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் மது. ரத்தத்தில் பார்த்தால் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம். 48 என்பது வரம்பைத் தாண்டிய அளவு. "நான் நிதானமாத்தான் ஓட்டினேன்" என்று சொல்லி இதிலிருந்து தப்ப முடியாது. வரம்பைத் தாண்டியதே குற்றம்.

முதல் தடவை என்றால் 2,000 முதல் 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து இல்லாத வழக்குகளுக்கு உயர்நீதிமன்றம் 2021இல் வகுத்த வழிகாட்டியின்படி, 35 முதல் 54 வரை வந்தவர்களுக்கு 2,000 முதல் 4,000 வெள்ளி அபராதமும் 24 முதல் 30 மாத ஓட்டுநர் தடையும் பொருந்தும். ஆக, சிறைக்குப் போவாரோ என்று இப்போதே கலங்க வேண்டாம். தீர்ப்பு சொல்லப்போவது நீதிபதிதான், ஆனாலும் அவர் பார்க்கும் அளவுகோல் இது.

அந்தத் தடையைத்தான் தம்பி கணக்கில் எடுக்கவில்லை. குறைந்தது இரண்டு வருஷம். அது அவருடைய காருக்கு மட்டுமல்ல, கம்பெனி வேனுக்கும் சேர்த்துத்தான். "வண்டி ஓட்டித்தான் சார் பிழைக்கிறேன்" என்று நீதிமன்றத்தில் கெஞ்சுபவர்கள் நிறையப் பேர். தடையைக் குறைக்கச் சட்டம் கேட்பது குற்றம் நடந்த சூழ்நிலையில் இருந்த விசேஷக் காரணத்தை. வேலை போகும், குடும்பம் கஷ்டப்படும் என்பதெல்லாம் அதில் சேராது. கேட்கவே மனசு வலிக்கிறது, இருந்தாலும் இது தெரியாமல் நம்பிக்கையோடு போய் நிற்பது அதைவிடக் கொடுமை.

தடைக்காலம் ஒரு வருஷமோ அதற்கு மேலோ என்றால் பழைய லைசன்ஸ் செல்லாது. முடிந்த பிறகு பேசிக் தியரி, ஃபைனல் தியரி, பிராக்டிகல் என்று முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுதித் தேற வேண்டும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது இதற்கு அப்புறம் வரும் நாள்கள்தான். "பக்கத்து புளோக்குக்குத்தானே, ஒரு டெலிவரிதானே" என்று சாவியை எடுத்தால் அது தனிக் குற்றம். 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த வண்டியையே பறிமுதல் செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. தடை இருப்பது தெரிந்தும் ஓட்டச் சொல்லும் முதலாளியும் மாட்டுவார். அதனால் விசாரணைத் தேதிக்கு முன்பே தம்பி முதலாளியிடம் உண்மையைச் சொல்லட்டும். ஸ்டோரில் வேலையோ, வேறு ஓட்டுநருக்கு உதவியாளாகப் போவதோ, ஏதாவது பேசிப் பார்க்கலாம். தானாகவே தெரியவந்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது.

மறுபடி இதே குற்றத்தில் பிடிபட்டால் 5,000 முதல் 20,000 வெள்ளி வரை அபராதத்தோடு சிறையும் கட்டாயம். தடை குறைந்தது ஐந்து வருஷம். இதை அவரிடம் நீங்களே உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

வழக்கறிஞர் தேவையா என்றும் யோசிப்பீர்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன் ஒருவரிடமாவது பேசட்டும். வசதி இல்லையென்றால் சமூகச் சட்ட ஆலோசனைக் கூடங்களில் முன்பதிவு செய்து இலவசமாகக் கேட்கலாம். குற்றச்சாட்டுத் தாள், மூச்சுப் பரிசோதனை முடிவு, ஜாமீன் தாள் மூன்றையும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. புரியாமல் தலையாட்டிவிட்டு வருவதுதான் ஆபத்து.

அம்மாவிடம் தம்பியே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். ஆனால் விசாரணைத் தேதிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.