பிரெஞ்சு கம்யூனிஸ்ட் கட்சி – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2022 பிரெஞ்சு அதிபர் தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ஃபபியான் ரூசெலுக்குக் கிடைத்தது 2.28 சதவீதம். ஒரு காலத்தில் அந்த நாட்டிலேயே பெரிய கட்சி அது என்று படித்தபோது நம்ப முடியவில்லை. சோவியத் யூனியன் உடைந்ததுதான் காரணம் என்கிறார்கள் நண்பர்கள். அவ்வளவுதானா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

அவ்வளவுதான் என்று நான் நினைக்கவில்லை. 1978 நாடாளுமன்றத் தேர்தலில் அந்தக் கட்சிக்கு 20 சதவீதத்துக்கு மேல் வாக்கு. 1981 அதிபர் தேர்தலில் கட்சித் தலைவர் ஜார்ஜ் மார்ஷேவுக்கு 15. 1986 நாடாளுமன்றத் தேர்தலில் பத்துக்கும் கீழே. சோவியத் யூனியன் உடைந்ததோ 1991 கடைசியில். அதற்குள் பாதிக்கு மேல் போய்விட்டது.

1920 டிசம்பரில் தூர் நகரில் கூடிய சோஷலிஸ்ட் மாநாட்டில், பெரும்பான்மையினர் பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பான மாஸ்கோ அகிலத்தில் சேர வாக்களித்தபோது பிறந்த கட்சி இது. பின்னாளில் ஹோ சி மின் என்று உலகம் அறிந்த வியட்நாம் இளைஞரும் அந்த மாநாட்டில் இருந்தார். நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்து உயிரைக் கொடுத்த தோழர்கள் சேர்த்துவைத்த மதிப்புதான் 1946 நவம்பரில் 28 சதவீத வாக்காக வந்தது.

அந்தக் காலம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அம்ப்ருவாஸ் க்ருவாசா. சிறுவயதிலேயே வேலைக்குப் போன உலோகத் தொழிலாளி, 1945 முதல் 1947 வரை அமைச்சர். பிரான்சின் சமூகப் பாதுகாப்புத் திட்டம் காகிதத்திலிருந்து ஊர் ஊராக இறங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1947 மே மாதம் கம்யூனிஸ்ட் அமைச்சர்கள் நீக்கப்பட்டார்கள்.

அப்புறமும் கட்சி நின்றதற்குக் காரணம் பாரிஸைச் சுற்றியிருந்த சிவப்புப் புறநகர்கள். இவ்ரி, போபினி, சேன்-தெனி போன்ற ஊர்களில் நகராட்சி கட்சியின் கையில் இருந்தது. குறைந்த வாடகை வீடு, நகராட்சி மருத்துவ நிலையம், கோடையில் தொழிலாளர் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போகும் முகாம் எல்லாம் அதன் வழியாகவே கிடைத்தன. ஆலைக்குள் தொழிற்சங்கம், வெளியே நகராட்சி. எழுபதுகளின் நடுவிலிருந்து சுரங்கமும் உருக்காலையும் கார் ஆலையும் ஆள் குறைக்கத் தொடங்கியதும் இந்த ஏற்பாட்டின் அடித்தளமே சரிந்தது. பியாங்கூரின் புகழ்பெற்ற ரெனோ ஆலை 1992இல் மூடப்பட்டது.

சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் மித்தரானின் கணக்கும் ஒன்று இருந்தது. 1972இல் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஆட்சி செய்வதற்கான பொதுத் திட்டத்தில் கையெழுத்திட்ட கையோடு வியன்னாவுக்குப் போய், அவர்களுடைய 50 லட்சம் வாக்காளர்களில் 30 லட்சம் பேரை சோஷலிஸ்டுகள் பக்கம் கொண்டுவர முடியும் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

ஆனால் எல்லாப் பழியையும் அடுத்தவர் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. 1956இல் ஹங்கேரியில் சோவியத் டாங்கிகள் நுழைந்ததைக் கட்சி ஆதரித்தது. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை போனதை மார்ஷே மாஸ்கோவிலிருந்தே தொலைக்காட்சியில் நியாயப்படுத்தினார். இவற்றைவிட என்னை வருத்துவது 1980 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பாரிஸ் புறநகரான வித்ரியில் நடந்தது. மாலி நாட்டுத் தொழிலாளர்கள் தங்கவிருந்த விடுதியின் மேல் கம்யூனிஸ்ட் மேயரின் ஆட்கள் புல்டோசர் ஏற்றினார்கள். ஏழைத் தொழிலாளிக்கு இந்தக் கட்சியே இதைச் செய்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

நீங்கள் சொன்ன 2.28க்குப் பக்கத்தில் இன்னொரு எண்ணையும் வையுங்கள். 2012, 2017 தேர்தல்களில் கம்யூனிஸ்டுகள் தங்கள் ஆளை நிறுத்தாமல் இன்னொரு இடதுசாரித் தலைவரான மெலான்ஷோனை ஆதரித்தார்கள். 2022இல் தனியாக நின்றார்கள். போபினியும் சேன்-தெனியும் இருக்கும் அந்த மாவட்டத்தில் அந்த ஆண்டு முதல் சுற்றில் மெலான்ஷோன் பெற்றது 49 சதவீதம்.