வாசகர் கேள்வி – பதில்: பள்ளிக்குப் போய்ச் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கலாமா?

கேள்வி: கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து, வாரம் ஒரு வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடம் எடுப்பதாக இருக்கிறோம். பள்ளியில் அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் எங்களுக்கே பாடப்புத்தகத்தைத் தாண்டி அதிகம் தெரியாது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: தாராளமாகப் போங்கள். அதிகம் தெரியாது என்பது இங்கே பெரிய குறையே இல்லை. அந்த வகுப்பில் ஏற்கெனவே ஓர் ஆசிரியர் இருக்கிறார், பாடம் அவருக்குத் தெரியும், ஆனால் நாற்பது பிள்ளைகளைத் தனியாளாக வெளியே கூட்டிப்போய் மண்ணைத் தோண்டவும் தண்ணீரை அளக்கவும் வைக்க அவரால் முடியாது. நீங்கள் ஐந்து பேர். ஆளுக்கு எட்டுப் பிள்ளைகள் என்று பிரித்துக்கொண்டால் அது முடியும், அதற்குத்தான் நீங்கள் போகிறீர்கள். தயவுசெய்து முதல் நாளே புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு போய் உருகும் பனிப்பாறையைக் காட்டாதீர்கள், அதை அவர்கள் செல்போனிலேயே பார்த்திருப்பார்கள்.

முதல் வகுப்புக்கு ஒரு லிட்டர் தண்ணீர் போதும். பூமியில் உள்ள மொத்த நீரும் இதுதான் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதில் உப்பில்லாத தண்ணீர் எவ்வளவு இருக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் எழுதட்டும், எழுதி முடிக்கும்வரை விடையைச் சொல்லக் கூடாது. பெரும்பாலும் பாதி, கால்பங்கு என்றுதான் எழுதுவார்கள். அப்புறம் 25 மில்லியை மட்டும் அளந்து தனியே ஊற்றுங்கள். நன்னீர் அவ்வளவுதான். அந்த 25-லும் 17 மில்லி பனியாக உறைந்து கிடக்கிறது, ஏறக்குறைய ஏழரை மில்லி நிலத்துக்கடியில் இருக்கிறது. ஆறு, ஏரி, குளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து உங்கள் சொட்டுக்குழாயிலிருந்து விழுவது ஒன்றிரண்டு சொட்டு. அந்தச் சொட்டைப் பிள்ளைகளில் ஒருவரையே விடச் சொல்லுங்கள், தான் எழுதியதையும் கண்முன் விழுந்ததையும் அவர்களே ஒப்பிட்டுக்கொள்வார்கள்.

அடுத்த வாரம் வெளியே போங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிற்றுச் சதுரம், மரத்தடியில் ஒன்று, எல்லோரும் மிதித்து நடக்கும் இடத்தில் ஒன்று. உள்ளே எத்தனை வகைச் செடி, எத்தனை வகைப் பூச்சி என்று எண்ணட்டும். பெயர் தெரியாவிட்டால் படம் வரைந்து 'முள் இலை', 'சிவப்புத் தண்டு' என்று அவர்களே பெயர் வைத்துக்கொள்ளட்டும், உயிரியல் மாணவர்கள் களத்தில் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான். இரண்டு சதுரத்துக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும், அதற்குள் மண் இறுகுவது, நிழல், ஈரம் எல்லாம் அடங்கிவிடும். தெரியாததைக் கேட்டால் 'தெரியாது, அடுத்த வாரம் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்' என்று சொல்லுங்கள், சொன்னபடி சொல்லியும் விடுங்கள்.

இன்னொன்று. உங்களுக்குத் தேர்வு வரும், அப்போது வர முடியாது. அதனால் 'ஆறு வாரம் வருவோம்' என்று முதலிலேயே சொல்லிவிட்டு ஆறு வாரமும் போங்கள், வருஷம் முழுக்க வருவதாகச் சொல்லி மூன்றாம் வாரம் நின்றுபோவது பிள்ளைகளை நிஜமாகவே வருத்தும். வகுப்பில் எப்போதும் பள்ளி ஆசிரியர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், பிள்ளைகளின் படத்தைக் கேட்காமல் எங்கேயும் போடக் கூடாது.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள், ஒரு மணி நேரம் பேசுகிறார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இதனால் பிள்ளைகளுக்கு என்ன லாபம்?

பதில்: அப்படி வந்தால் லாபம் எதுவும் இல்லை, உங்கள் ஒரு பீரியட்தான் போகும். வருவதற்கு முன்பே திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் இப்போது எந்தப் பாடத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லி, அதையொட்டியே செய்யச் சொல்லுங்கள். ஒரு நாள்தான் முடியும் என்றால், பேச வேண்டாம், கல்லூரியிலிருந்து ஒரு நுண்ணோக்கியும், தண்ணீர் அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பி.எச். தாளும் எடுத்து வாருங்கள் என்று கேளுங்கள். குளத்துத் தண்ணீர் ஒரு துளியை நுண்ணோக்கியில் ஒவ்வொரு பிள்ளையும் பார்த்தாலே அந்த நாள் வீண்போகவில்லை.

கேள்வி: தன்னார்வலராக வகுப்பெடுக்கிறேன். ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, 'ஓசோனில் ஓட்டை விழுந்து சூடாகி உலகம் அழிந்துவிடுமா அக்கா?' என்று கேட்டாள். என்ன சொல்வது?

பதில்: பயத்தையும் குழப்பத்தையும் தனித்தனியாக எடுங்கள். பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம் ஓசோன் ஓட்டை இல்லை, நிலக்கரியும் எண்ணெயும் எரித்து நாம் சேர்க்கும் கார்பன் டை ஆக்சைடு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்கு இருந்தது, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ஓசோன் ஓட்டையையும் பூமி சூடாவதையும் கலந்து வைத்திருப்பவர்கள் பெரியவர்களிலும் நிறையப் பேர். ஓசோன் கதையை முழுசாகச் சொல்லுங்கள்: அண்டார்டிகாவுக்கு மேலே ஓட்டை இருப்பது 1985-ல் வெளியே தெரிந்தது, குளிர்பதனப் பெட்டிகளிலும் ஸ்பிரேக்களிலும் இருந்த குளோரோ புளோரோ கார்பன்தான் காரணம், 1987-ல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் போட்டு நாடுகள் அதைப் படிப்படியாக நிறுத்தின, இப்போது ஓசோன் படலம் மெல்ல மீண்டுவருகிறது. சூடாவதைத் தடுப்பது அதைவிடப் பெரிய வேலை, இன்னும் முடியவில்லை, ஆனால் நிறையப் பேர் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்லலாம். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று பொய்ச் சமாதானம் வேண்டாம். அவள் அதற்கு மேல் கேட்பதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தூக்கம் வராத அளவுக்குப் பயந்திருக்கிறாள் என்று தோன்றினால், அன்றே வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.