டாஸ் எழுந்துவிடும், பிரின்டர் அடிக்குமா?

கேள்வி: எம்.சி. ரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்கிறோம். அப்பா காலத்தில் எழுதி வாங்கிய ஃபாக்ஸ்புரோ (டாஸ் காலத்து டேட்டாபேஸ் மென்பொருள்) புரோகிராமில்தான் இன்னும் பில் போடுகிறோம். அந்தக் கம்ப்யூட்டர் இப்போது ஒரு நாள் எழுகிறது, ஒரு நாள் மக்கர் செய்கிறது. புதிதாக விண்டோஸ் 11 மெஷின் வாங்கினோம். அதில் இந்தப் புரோகிராம் திறக்கவே இல்லை. பென் டிரைவில் டாஸ் (விண்டோஸுக்கு முன்பிருந்த இயக்க முறை) போட்டு ஓட்டிவிடலாம் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். நடக்குமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: நடக்கும். ஆனால் நீங்கள் நினைக்கிற மெஷினில் நடக்குமா என்பதுதான் சிக்கல்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. பழைய கம்ப்யூட்டர் அடுத்த முறை எழுந்ததும் பில் போட உட்காராதீர்கள். புரோகிராம் இருக்கும் ஃபோல்டரை அப்படியே எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். டிபிஎஃப் என்று முடியும் ஃபைல்களில் உங்கள் கணக்கு இருக்கிறது. எஃப்பிடி ஃபைல்களில் நீளமான குறிப்புகள் இருக்கும். 'டிபிஎஃப் மட்டும் போதும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இவை கையில் இருந்தால், நாளைக்கு ஃபாக்ஸ்புரோவே இல்லாமல் போனாலும் லிப்ரே ஆபீஸில் திறந்து பார்க்கலாம். திறப்பது எப்போதும் நகலாக இருக்கட்டும்.

டாஸ் காலத்துப் புரோகிராம்களை நடத்த 32 பிட் விண்டோஸுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. 64 பிட்டில் அது கிடையாது. விண்டோஸ் 11 வருவதே 64 பிட்டில்தான். அதனால் செட்டிங்கில் எதையோ மாற்றினால் சரியாகிவிடும் என்று இரவெல்லாம் உட்கார வேண்டாம்.

டாஸுக்கு ஃப்ரீடாஸ் போதும், இலவசம். மைக்ரோசாஃப்ட் தனியாக விற்ற கடைசி டாஸான 6.22 வந்தது 1994-ல். அதே ஆண்டு ஜூன் மாதம், டாஸைக் கைவிடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜிம் ஹால் என்ற அமெரிக்க பிசிக்ஸ் மாணவர் தொடங்கிய வேலை இது. இன்றும் நிற்கவில்லை, 1.4 பதிப்பு 2025-ல் வந்தது. விண்டோஸ் மெஷினில் ரூஃபஸ் என்ற சின்ன புரோகிராமை இறக்கி, பூட் தேர்வில் ஃப்ரீடாஸ் என்று கொடுத்தால் பென் டிரைவ் தயார். ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகாது. அதில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சிக்கல் இனிமேல்தான். டாஸுக்குப் பழைய பாணி பயாஸ் (மெஷினை எழுப்பும் அடிப்படைப் புரோகிராம்) வேண்டும். இப்போதைய மெஷின்களில் இருப்பது அதன் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐ. நடுவில் சில வருடங்கள் வந்த போர்டுகளில் இரண்டும் இருந்தன. பயாஸுக்குள் போனால் லெகசி என்றோ சிஎஸ்எம் என்றோ ஒரு தேர்வு தெரியும். 2020-க்குள் இதை நிறுத்திவிடுவோம் என்று இன்டெல் 2017-லேயே சொல்லிவிட்டது. உங்கள் புது மெஷினில் அந்தத் தேர்வு இல்லையென்றால் அதில் இந்தப் பென் டிரைவ் எழாது. பென் டிரைவை மாற்றிப் பயனில்லை.

லெகசி இருக்கும் மெஷின் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பென் டிரைவிலிருந்து எழும்போது அதுவே சி டிரைவ் ஆகிவிடும். உங்கள் புரோகிராம் சி-யில் இருந்து ஓடிப் பழகியதென்றால் அதே பெயரில் ஃபோல்டர் போட்டு வைத்தால் போதும். டி-யைத் தேடுகிற ஆளாக இருந்தால் சப்ஸ்ட் கட்டளையால் ஒரு ஃபோல்டரையே டி என்று நம்ப வைக்கலாம். ஃபாக்ஸ்புரோ ஒரே நேரத்தில் நிறைய ஃபைல்களைத் திறக்கும். பழைய மெஷினில், டாஸ் எழும்போது படிக்கும் கான்ஃபிக்.சிஸ் ஃபைலில் 'ஃபைல்ஸ்=' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள், அதே எண்ணை இங்கேயும் எழுதுங்கள். ஃப்ரீடாஸ் முதலில் தேடுவது எஃப்டிகான்ஃபிக்.சிஸ் என்ற ஃபைலை. அது இருந்தால் மற்றதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இது தெரியாமல் தவறான ஃபைலைத் திருத்திவிட்டு மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் நிறைய.

அப்புறம் பிரின்டர். கார்பன் வைத்து மூன்று பிரதி அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ்தானே? அது பின்னால் 25 பின் கேபிளில் மாட்டியிருந்தால் டாஸ் அதை எல்பிடி1 என்று எடுத்துக்கொள்ளும், பிரச்சினையில்லை. யூஎஸ்பி பிரின்டர் என்றால் டாஸுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. யூஎஸ்பி முனையும் 25 பின் முனையும் கொண்ட மாற்று கேபிளும் டாஸில் உதவாது. அது விண்டோஸுக்கான சரக்கு. தனியாக பாரலல் கார்டு வாங்கிப் போட்டாலும், அதன் முகவரி பழைய 378-ஆக இல்லாமல் வேறாக இருந்தால் புரோகிராம் போர்ட்டைக் கண்டுபிடிக்காது. ஆகவே மெஷின் வாங்கும்போது போர்டிலேயே பாரலல் போர்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய செகண்ட் ஹேண்ட் மெஷின்களில் கிடைக்கும். பேப்பருக்குக் கவலையில்லை, ஓரத்தில் ஓட்டை போட்ட தொடர் காகிதத்தை ஆண்டர்சன் தெருவில் கேட்டுப் பாருங்கள்.

என் யோசனையைக் கேட்டால், தினசரி பில்லை பென் டிரைவிலிருந்து போட வேண்டாம். கடையில் கூட்டம் நெரியும் நேரத்தில் யாராவது இடித்துப் பிடுங்கிவிட்டால், அல்லது கரன்ட் போனால், பாதி எழுதிய ஃபைலோடு நிற்பீர்கள். புது விண்டோஸ் 11 மெஷினிலேயே, விண்டோஸுக்குள் டாஸ் போல நடந்துகொள்ளும் விடாஸ் என்ற புரோகிராமை வைத்து ஓட்டிப் பாருங்கள். இந்த மாதிரி கணக்குப் புரோகிராம்களுக்காகவே எழுதப்பட்டது. பிரின்டும் விண்டோஸ் வழியாகப் போவதால் யூஎஸ்பி பிரின்டரிலேயே அடிக்கலாம். பென் டிரைவ் டாஸை மேஜை டிராயரில் போட்டு வையுங்கள். என்றைக்காவது பழைய ஹார்ட் டிஸ்கைத் திறந்து பார்க்க வேண்டி வந்தால் எடுக்கலாம்.

கேள்வி: என் கணவர் ராயபுரத்தில் ஜாப் டைப்பிங் நடத்தியவர். அவர் வேர்ட்ஸ்டாரில் (டாஸ் காலத்து டைப்பிங் புரோகிராம்) அடித்து வைத்த ஆங்கில ஃபைல்கள் ஒரு சிடியில் இருக்கின்றன. நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் கிறுக்கலாகத் தெரிகிறது. வைரஸா?
– வாசகி, ராயபுரம்

பதில்: வைரஸ் இல்லையம்மா, ஃபைல் நன்றாகவே இருக்கிறது. வேர்ட்ஸ்டார் தன் வசதிக்காகச் சொல்லின் கடைசி எழுத்தின் குறியீட்டு எண்ணோடு 128-ஐக் கூட்டி வைக்கும். அந்த 128-ஐக் கழித்தால் எழுத்து திரும்பி வந்துவிடும். பைத்தான் படிக்கிற பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் நாலு வரியில் எழுதிக் கொடுத்துவிடும். புள்ளியில் தொடங்கும் வரிகளும் நடுநடுவே வரும். அவை பக்க அளவு மாதிரியான கட்டளைகள், நீக்கிவிடலாம். அவர் பக்கத்தை எப்படி அமைத்திருந்தாரோ அப்படியே பார்க்க வேண்டுமென்றால் வேர்ட்ஸ்டாரையே, விண்டோஸுக்குள் டாஸ் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் புரோகிராமுக்குள் ஓட்டுங்கள். இதற்குப் பென் டிரைவ் தேவையே இல்லை.

கேள்வி: பென் டிரைவில் ஃப்ரீடாஸ் போட்டு கட்டளைகள் பழக ஆசை. லேப்டாப்பில் இருக்கும் விண்டோஸ் அழிந்துவிடுமா?
– பாலிடெக்னிக் மாணவர், வியாசர்பாடி

பதில்: சும்மா எழுப்பினால் ஒன்றும் ஆகாது தம்பி. விண்டோஸ் இருக்கும் டிரைவ் என்டிஎஃப்எஸ் என்ற அமைப்பில் இருப்பதால் டாஸ் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் 'கண்ணுக்குத் தெரியாததை அழிக்க முடியாதே' என்று தைரியமாக, டிஸ்கைப் பிரிக்கும் எஃப்டிஸ்க் கட்டளை பக்கம் போய்விடாதீர்கள். அது டிரைவைப் பார்க்காது, முழு டிஸ்கையும் பார்க்கும். அங்கே ஒரு தவறான விடை கொடுத்தால் அதோடு விண்டோஸ் காலி. டிர், காப்பி, எடிட் என்று தொடங்குங்கள். ஒரு பேட்ச் ஃபைல் எழுதிப் பாருங்கள். ஃபைல் பெயர் எட்டு எழுத்து, புள்ளிக்குப் பிறகு மூன்று, அவ்வளவுதான் இடம். லேப்டாப்பில் செக்யூர் பூட் (அங்கீகாரம் இல்லாததை எழ விடாத பாதுகாப்பு) ஆனில் இருந்தால் ஆஃப் செய்ய வேண்டும். ஆனால் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளாமல் செக்யூர் பூட்டைத் தொடாதீர்கள்.

கேள்வி: இதற்கு 64 ஜிபி பென் டிரைவ் வாங்கலாமா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: எதற்கு? வீட்டில் மூலையில் கிடக்கும் 2 ஜிபி, 4 ஜிபி எதுவானாலும் தாராளம்.