பீச் ரோட்டில் பீச் எங்கே?

கே: சிங்கப்பூர் போயிருந்தேன். பீச் ரோடு என்று பலகை வைத்திருக்கிறார்கள், கடலைத்தான் காணோம். என்ன கதை?

ப: ரோடு அதே இடத்தில்தான் இருக்கிறது, கடல்தான் தள்ளிப் போய்விட்டது. 1887-இல் ராஃபிள்ஸ் ஹோட்டல் அங்கே திறந்தபோது எதிரே கடல். அப்புறம் மண்ணைக் கொட்டிக் கொட்டிக் கரையை நகர்த்திக்கொண்டே போனார்கள். இதைவிட எனக்குப் பிடித்த சாட்சி தெலுக் ஆயர் தெரு. மலாயில் தெலுக் என்றால் விரிகுடா, ஆயர் என்றால் தண்ணீர். சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் 1828-30 வாக்கில் அங்கே நாகூர் தர்காவைக் கட்டினார்கள், அதே தெருவில் சீனர்கள் தங்கள் கடல் தெய்வத்துக்குத் தியான் ஹோக் கெங் கோயிலைக் கட்டினார்கள். கப்பலில் உயிரோடு வந்து சேர்ந்ததே பெரிய விஷயமாக இருந்த காலம், இறங்கிய கையோடு நன்றி சொல்ல வசதியாகக் கரையிலேயே கட்டிவிட்டார்கள். இன்று அங்கே நின்றால் வானுயரக் கட்டடங்கள்தான் தெரியும், உப்புக்காற்றுகூட வராது. 1960-களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த நாடு இப்போது 730-ஐத் தாண்டிவிட்டது. சாங்கி விமான நிலையத்தில் ஒரு பகுதியே முன்னாள் கடல். இதற்காகப் பக்கத்து நாடுகளிலிருந்து மணலை வாங்கிக் குவித்தார்கள். ஒரு கட்டத்தில் மலேசியாவும் இந்தோனேசியாவும் மணல் ஏற்றுமதிக்குத் தடை போட்டுவிட்டன. போடாமல் என்ன செய்யும்!

கே: அங்கே ஆறரை மணிக்கு வாக்கிங் கிளம்பினால் இருட்டாக இருக்கிறதே? பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊரில் சூரியனுக்கு என்ன சோம்பல்?

ப: சூரியன் ஒழுங்காகத்தான் வருகிறது, கடிகாரம்தான் முந்துகிறது. தீர்க்கரேகைக் கணக்குப்படி கிரீன்விச்சுக்கு ஏறக்குறைய 7 மணி நேரம் முன்னால் இருக்க வேண்டிய ஊர், 8 வைத்திருக்கிறது. மலேசியா கடல் பிரிக்கும் தன் இரண்டு பாதிகளுக்கும் (மேற்கே தீபகற்பம், கிழக்கே போர்னியோ பகுதி) ஒரே நேரம் வைக்கத் தீர்மானித்தது. எல்லையில் தினமும் போக்குவரத்து உள்ள சிங்கப்பூர் தனியாக நின்று என்ன செய்ய, அதுவரை வைத்திருந்த ஏழரையைக் கூடவே எட்டாக மாற்றிக்கொண்டது. 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்குக் கடிகாரத்தை 12-க்குத் தள்ளினார்கள். அந்த வருடம் புத்தாண்டு அரை மணி முன்னதாகவே பிறந்துவிட்டது! உச்சிப் பொழுது அங்கே ஒரு மணி வாக்கில்தான்.

கே: சூயிங்கம் மென்றால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களாமே?

ப: மெல்லுவதற்குத் தடை இல்லை. இறக்குமதி செய்யவும் விற்கவும்தான் 1992 முதல் தடை. 2004-இல் மருந்தாகப் பயன்படும் வகைகளுக்கு மட்டும் தளர்த்தினார்கள். மென்றதைத் தெருவில் துப்பினால் அபராதம் நிச்சயம்.

கே: இத்தனை சின்ன நாட்டுக்கு அத்தனை பெரிய துறைமுகம் எதற்கு?

ப: பெரிய ரயில்வே ஜங்ஷனில் எல்லோரும் அந்த ஊருக்கா வருகிறார்கள்? வண்டி மாறத்தானே. 2024-இல் 20 அடி கன்டெய்னர் பெட்டிக் கணக்கில் 4 கோடிக்கும் மேல் கையாண்டார்கள், அதில் பெரும்பகுதி ஒரு கப்பலில் இறங்கி இன்னொன்றில் ஏறிப் போகிற சரக்கு. மலாக்கா நீரிணையின் வாசலில் உட்கார்ந்திருப்பதன் பலன். இப்போது நகரத்தை ஒட்டிய முனையங்களை மேற்கே துவாஸுக்கு மாற்றுகிறார்கள், 2022-இல் அங்கே முறைப்படி திறப்பு விழாவும் நடந்துவிட்டது. அதற்கான இடம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? முதல் பதிலையே இன்னொரு தடவை படியுங்கள்.