முழங்காலுக்குக் கீழே ஒரு விரல் அகல வலி

கேள்வி: இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகி, காவலர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. எனக்கு வயது 22. திருவாரூர் பக்கம் ஒரு கிராமம். நான்காம் வாரத்திலிருந்து இடது கணைக்கால் எலும்பில் வலி. இரவில் தூக்கமில்லை, அதனால் சட்ட வகுப்பில் கண் சொருகிவிடுகிறது, தூங்கியதற்காக மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்கிறார்கள், ஓடினால் வலி கூடுகிறது. தோழி தரும் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கவாத்துக்கு (அணிவகுப்புப் பயிற்சிக்கு) போகிறேன். இரண்டு மாதமாக மாதவிலக்கும் வரவில்லை. மருத்துவரிடம் போனால் தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஊரில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். விலகிவிடலாமா, பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடலாமா, அம்மா? (பெயர் வேண்டாம்)

பதில்: நீங்கள் கேட்டிருக்கும் இரண்டு வழிகளுமே வேண்டாம். நாளைக் காலை கவாத்துக்கு ஃபாலின் ஆவதற்கு, அதாவது வரிசையில் நிற்பதற்கு, முன்பே உங்கள் கவாத்து போதகரிடம் காலில் வலி இருப்பதைச் சொல்லி, மருத்துவரிடம் அனுப்பும்படி கேளுங்கள். அவர் தட்டிக்கழித்தால் சட்ட போதகரிடம் சொல்லுங்கள். அங்கும் கேட்கவில்லையென்றால் பள்ளியின் முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். அதுவரை மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவதை நிறுத்துங்கள். மாத்திரை வலியை அடக்குமே தவிர எலும்பில் விழும் அடியைக் குறைக்காது.

இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் சட்ட போதகராக இருந்தபோது, வகுப்பில் தூங்கிய ஒரு பெண்ணைக் கடைசி வரிசையில் பாடம் முடியும்வரை நிற்கவைத்தேன். ஏன் தூங்கினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து நாள் கழித்து அணிவகுப்பு ஒத்திகையில் அவள் கால் எலும்பு முழுவதுமாக முறிந்தது. அதற்கு முந்தைய நாள் வரை அவளும் உங்களைப் போலத்தான் யாரிடமும் சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. கேட்காமல் போனது என் தவறு. இன்றும் அது மனத்தை உறுத்துகிறது.

உங்களுக்கு என்ன நேர்ந்திருக்கக்கூடும் என்பதைச் சொல்கிறேன். தேர்வுக்கான ஓட்டத்தில் பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடினால் போதும். அதற்காகத் தயாரான உடம்பு, பள்ளியில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே நாள்தோறும் கிலோமீட்டர் கணக்கில் ஓடவும், பூட்ஸ் காலால் கெட்டித் தரையில் அடித்து மிதிக்கவும் வேண்டியிருக்கிறது. தசை சில வாரங்களில் பழகிவிடும். எலும்பு அவ்வளவு வேகமாகப் பழகாது. புதிய சுமை வந்ததும் எலும்பு முதலில் தன்னைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு, அதன்பிறகே புதிதாகக் கட்டிக்கொள்கிறது. இடைப்பட்ட அந்த வாரங்களில்தான் அது மிகவும் பலவீனமாக இருக்கும். உங்கள் வலி நான்காம் வாரத்தில் தொடங்கியதில் வியப்பில்லை. இது கோழைகளுக்கு வருகிற வலியும் அல்ல. 1855ஆம் ஆண்டிலேயே பிரஷ்ய ராணுவத்தின் மருத்துவர் ஒருவர், நெடுந்தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதைக் கண்டு எழுதிவைத்தார். எக்ஸ்ரே வந்த பிறகே அவை முறிவுகள் என்பது விளங்கியது.

கணைக்கால் எலும்பின் உள்விளிம்பு நெடுக வலி பரவலாக இருந்து, ஓடத் தொடங்கிச் சூடேறியதும் குறைந்தால், அது பெரும்பாலும் எலும்பைச் சுற்றியுள்ள திசுக்களின் அழற்சியாக இருக்கும். ஒரே இடத்தில், ஒரு விரல் அகலத்தில், தொட்டாலே சுரீரென்று வலித்து, படுத்திருக்கும்போதும் விடாமல் வலித்தால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். உங்களுக்கு இரவில் வலிக்கிறது என்பதுதான் என்னைக் கவலைப்படவைக்கிறது. முதல் இரண்டு மூன்று வாரங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் போவதுண்டு. ஆகவே, எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிய பிறகும் வலி நீடித்தால், எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேட்கத் தயங்காதீர்கள்.

மாதவிலக்கு நின்றதைக் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரியாக எழுதியிருக்கிறீர்கள். மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம், அவற்றை அவர் சோதிப்பார். ஆனால் செலவாகும் அளவுக்கு உணவு உள்ளே போகாதபோது உடம்பு முதலில் நிறுத்தும் வேலைகளில் இதுவும் ஒன்று, அதே குறைதான் எலும்பையும் அரிக்கிறது. மெஸ்ஸில் வரிசை நீளமாக இருக்கிறது, நேரமில்லை என்று இரண்டு இட்லியோடு எழுந்துவிடும் பழக்கம் உங்களுக்கும் இருக்கும் என்றே நினைக்கிறேன். பாலையும் முட்டையையும் விட்டுவிடாதீர்கள். ரத்தத்தில் இரும்புச் சத்தையும் வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

வேலை போய்விடும் என்ற பயத்துக்கு வருகிறேன். நுண்முறிவு என்றால் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வார ஓய்வில் ஆறிவிடும். பயிற்சி நாள்கள் குறைந்து, அடுத்த அணியோடு சேர்ந்து முடித்த பெண்கள் என் வகுப்பிலேயே இருந்தார்கள். அவர்கள் இன்று காவல் நிலையங்களில் பணியில் இருக்கிறார்கள். மாறாக, மறைத்து ஓடி முழு முறிவாகிவிட்டால், அறுவை சிகிச்சையும் நீண்ட விடுப்பும் வந்துசேரும். ஊரில் வைத்த ஃபிளெக்ஸுக்காக எலும்பை முறித்துக்கொள்ள வேண்டியதில்லை. அப்பாவிடம் நீங்களே தொலைபேசியில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். வேறொருவர் சொல்லி அவர் கேட்கும்படி வைக்காதீர்கள்.

ஓய்வு கிடைத்தால் மைதானத்துக்குப் போக வேண்டியிராது. ஆனால் சட்ட வகுப்பில் உட்காரத் தடையிருக்காது. அந்த வாரங்களை வீணாக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கிறது. கொலைக்கு 302 என்று ஊரே அறிந்திருந்த எண் இப்போது 103, மோசடியின் 420 இப்போது 318. மூத்த காவலர்கள் வாயில் பழைய எண்களே இன்னும் வரும், உங்கள் தேர்வில் புதியவை வரும். ஒரு நோட்டில் நடுக்கோடு போட்டு இரண்டையும் எதிரெதிரே எழுதி வாருங்கள். முதல் பக்கத்தில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆம் பிரிவை எழுதுங்கள், பழைய 41க்கு எதிரே. யாரைப் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம், யாருக்கு அறிவிப்பு அனுப்பினால் போதும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதன் ஏழாம் உட்பிரிவை ஒரு முறைக்கு இரண்டு முறை படியுங்கள்: மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றத்துக்காக, உடல் நலிந்த ஒருவரையோ 60 வயதைக் கடந்தவரையோ கைது செய்ய வேண்டுமானால், டி.எஸ்.பி. பதவிக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி வேண்டும்.