ஃபயர் ஐலண்ட்: கார் இல்லாத தீவுக்குக் கிளம்புகிறவர்களின் கேள்விகள்

கேள்வி: காரே ஓடாதாமே, எப்படிப் போவது?

பதில்: நியூயார்க்கின் லாங் ஐலண்டுக்குத் தெற்கே சுமார் 50 கி.மீ. நீளத்துக்குக் கிடக்கும் ஒல்லியான மணல் தீவு அது. இரு முனைகளுக்கும் பாலம் உண்டு. நடுவில் இருக்கும் ஊர்களுக்கு ஃபெர்ரிப் படகுதான். பே ஷோர், சேவில், பட்சோக் என்று மூன்று துறைகள். ஊருக்கு ஊர் துறை மாறும், பார்த்து ஏறுங்கள். இறங்கியபின் சாமான்களை இழுக்கக் கைவண்டி போதும்.

கேள்வி: அண்ணா, அப்பாவால் அதிகம் நடக்க முடியாது. கலங்கரை விளக்கத்தையாவது காட்டலாமா?

பதில்: தாராளமாக. மேற்கு முனையில் ராபர்ட் மோசஸ் பூங்காவின் 5ஆம் எண் வாகன நிறுத்துமிடம் வரை கார் போகும். அங்கிருந்து பலகைப் பாதையில் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 1858இல் கட்டிய கோபுரம். அப்பா கீழிருந்தே பார்க்கட்டும்.

கேள்வி: இத்தனை வருடமாக ஏன் ரோடு போடவில்லை?

பதில்: போடப் பார்த்தார்கள். அந்தப் பூங்காவுக்குப் பெயர் தந்த ராபர்ட் மோசஸ், நியூயார்க்கில் பூங்காக்களையும் சாலைகளையும் கட்டிய அதிகாரி, அவர்தான் தீவின் நீளத்துக்கும் நெடுஞ்சாலை கேட்டார். ஊர்க்காரர்கள் விடவில்லை. 1964இல் அரசு பாதுகாக்கும் தேசியக் கடற்கரையாகத் தீவை அறிவித்ததும் அந்தத் திட்டம் நின்றது. அந்த ஊர்க்காரர்களுக்கு நாம் நிறையக் கடன்பட்டிருக்கிறோம்.

கேள்வி: ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எங்கே போகலாம்?

பதில்: சேவிலில் ஏறி செய்லர்ஸ் ஹேவனில் இறங்குங்கள். பக்கத்திலேயே 'சங்கன் ஃபாரஸ்ட்'. மணல்மேட்டுக்குப் பின்னால் பதுங்கி வளர்ந்த ஹாலி மரக் காடு. மேட்டைத் தாண்டித் தலை நீட்டும் கிளையை உப்புக்காற்று கருக்கிவிடும். அதனால் உச்சியெல்லாம் கத்தரித்துவிட்டது போல ஒரே மட்டமாக இருக்கும். கடல் எங்கே போகிறது, முதலில் காட்டைப் பாருங்கள்.

கேள்வி: பிள்ளைகள் மணல்மேட்டில் ஏறிச் சறுக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். அந்த மணலைப் பிடித்து வைத்திருப்பது புல்லின் வேர்தான். மிதிபட்டால் புல் சாகும், அப்புறம் காற்று மேட்டையே அள்ளிக்கொண்டு போய்விடும். 2012இல் சாண்டி புயல் தீவின் கிழக்குப் பக்கத்தை அறுத்துக் கடலை உள்ளே விட்டது. மேடு இல்லாவிட்டால் ஊர்களுக்கு வேறு அரண் கிடையாது. கடலுக்குப் போகப் போட்டிருக்கும் பாதையிலேயே போங்கள். கயிறு கட்டிய இடத்தில் பைப்பிங் ப்ளவர் பறவை மணலில் முட்டையிட்டிருக்கும்; மணல் நிறம், கண்ணுக்கே தெரியாது.

கேள்வி: உண்ணி பயம் உண்டா?

பதில்: உண்டு. மான் உண்ணி, லைம் நோய் என்ற பாக்டீரியாத் தொற்றைப் பரப்பும். புல்லுக்குள் இறங்காதீர்கள். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள், பிள்ளைகளின் தலைமுடி எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.